மொத்தம்: சைபர்

பெயரை எழுதக் கூடாது.
எழுதவில்லை.
0417 என்று வைத்துக்கொள்வோம்.
ஈசூனில் பதினோராம் மாடி,
லிஃப்டிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது கதவு,
வாசலில் மழையில் ஊறிய பாதுகாப்புக் காலணி.

ஒப்புதல் படிவம் நான்கு பக்கம்.
கண்ணாடியைத் தேடி எடுத்து
ஒரு வரி விடாமல் படித்தார்.
"முப்பது வெள்ளி வவுச்சர், ஃபேர்பிரைஸ்லயா?"
ஆமாம் அங்கிள்.
"அப்பக் கேளுங்க."

கடந்த இரண்டு வாரங்களில்.
இப்படித்தான் தொடங்கும் ஒவ்வொரு கேள்வியும்.
ஒருநாளும் இல்லையென்றால் சைபர்,
சில நாள் ஒன்று,
பாதி நாளுக்கு மேல் இரண்டு,
ஏறக்குறைய தினமும் என்றால் மூன்று.

மனச்சோர்வாக உணர்ந்தீர்களா?
"சோர்வு இருக்காதா பின்னே,
பன்னண்டு மணி நேரம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினா?"
அது உடம்பு, அங்கிள். நான் கேட்பது மனசை.
"மனசு எங்கம்மா தனியா இருக்கு?"
நெஞ்சில் கை வைத்தார்.
"இங்க ஒரு மூட்டை இருக்கு. இறங்க மாட்டேங்குது.
பலதுறை மருந்தகத்துல படம் எடுத்துப் பாத்துட்டாங்க.
இதயம் கிளீனா இருக்காம்."
மூட்டைக்குக் கட்டம் இல்லை.
சைபர் போடச் சொன்னார்.

நம்பிக்கையற்று இருந்தீர்களா?
கொஞ்சம் கோபம் வந்துவிட்டது அவருக்கு.
"என்னப் பாத்தா ஏன் அப்படிக் கேக்குறீங்க?
வெள்ளிக்கிழமை தவறாம கோவிலுக்குப் போறவன் நான்."
சைபர்.

அந்தச் சொல்லை நாங்கள் ஐந்து பேர்
குளிரூட்டிய அறையில்
இரண்டு மதியம் செலவழித்துத் தேர்ந்தோம்.
தமிழாக்கி, வேறொருவரை விட்டு ஆங்கிலத்துக்குத் திருப்பி,
அது பழையபடி வந்து சேர்ந்ததும்
கறிபஃப் வாங்கிச் சாப்பிட்டோம்.
போய்த் திரும்பிய சொல்லுக்கு
வழியில் யாரைக் கடந்தோம் என்று தெரியாது.
சாமிமேல் வைப்பதும் நாளைமேல் வைப்பதும்
நமக்கு ஒரே நம்பிக்கை.
முதலாவது இருப்பவரிடம் இரண்டாவதும் இருக்கிறதா என்று
அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.
நானும்.

ஒன்பதாம் கேள்வியை
திரையைப் பார்க்காமல் கேட்கப் பழக்கியிருந்தார்கள்.
கண்ணைப் பார்த்து, குரல் மாறாமல்.
இறந்துபோனால் நல்லது என்ற எண்ணம்?
"சேச்சே. சைபர் போடுங்க."

மொத்தம்: சைபர்.
டேப்லெட் பச்சையாகி நன்றி சொன்னது.

எழுந்தபோது புழுக்கம் தாளாமல் சொன்னேன்,
சன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கலாமே என்று.
கம்பிக் கதவில் புதுப் பூட்டு,
விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல்.
"சாவி ரொஹானா அக்காகிட்ட இருக்கு. அடுத்த வீடு.
நான்தான் குடுத்து வெச்சேன்."
எப்போது?
"ரெண்டு வாரம் இருக்கும்."

கைப்பையைக் கீழே வைத்தேன்.
மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்:
"நானே வந்து கேட்டாலும் தராதீங்கன்னு சொல்லியிருக்கேன்.
அந்தம்மா ஏன்னு கேக்கல.
சாயங்காலமான ஒருதடவ கதவத் தட்டி
ஒரு கிண்ணத்துல என்னவாச்சும் குடுத்துட்டுப் போறாங்க.
நேத்து புபோர்."

ரொஹானா அக்கா எங்கள் கேள்வித்தாளை
எந்த மொழியிலும் படித்ததில்லை.

மேற்பார்வையாளரை அழைத்தேன்.
வந்த தாதி இரவு ஒன்பதுவரை இருந்தார்.
அதற்கு மேல் எனக்குச் சொல்ல அனுமதி இல்லை.

ஐந்து மாதம் கழித்து
பெரிய திரையில் ஆயிரத்துச் சொச்சம் வரிசைகள்.
0417க்கு ஒன்பது சைபர், முட்டை அட்டைபோல.
கடைசிக் கட்டத்தில் நான் எழுதியது இருந்தது:
பூட்டு, சாவி, அடுத்த வீடு.
அந்தப் பத்தியை மறைத்துவிடலாம் என்றார் புள்ளியியலாளர்,
எண்ணாக்க முடியாதது கணக்கில் சேராது.
நல்ல மனிதர்தான்.
சுட்டியை ஒருமுறை சொடுக்கினார்.

போன ஞாயிறு வேறொரு வீட்டுக்காக
அதே புளோக் பக்கம் போனேன்.
கீழே நின்று பதினொன்றுவரை எண்ணுவதற்குள்
கழுத்து வலித்தது, இரண்டுமுறை கணக்கு தப்பியது.
மூங்கில் கழியில் நீலச் சட்டை ஒன்று வெளியே நீண்டு
காய்ந்துகொண்டிருந்தது.
அவர் சன்னலா,
ரொஹானா அக்கா சன்னலா,
கீழிருந்து தெரியவில்லை.